பல்லுக்குக் கேட்ட டேப்பட் சத்தம்

மேஜை வந்து இறங்கிய நிமிஷமே அக்காவுக்கு அதைப் பிடிக்காமல் போய்விட்டது.

வெள்ளை வெளேரென்று மைக்கா ஒட்டிய மேஜை. இரண்டு இழுப்பறை, மூலையில் பேனா வைக்க ஒரு குழி. தம்பி அதைப் பட்டறையின் முன்னறையில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் போட்டான். மேலே ஒரு பிளாஸ்டிக் பூச்சாடி, பின்னால் ஒரு சுழல் நாற்காலி. "இனிமே நீ இங்க ராணி மாதிரி உக்காந்துக்கோக்கா" என்றான். ராணிக்கு என்ன வேலையாம்? வருகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பது, சாவியை வாங்கி ஆணியில் மாட்டுவது, ஃபோன் அடித்தால் எடுத்துப் பேசுவது. காது கேட்காத ஒருத்தியை ஃபோன் எடுக்க உட்கார வைக்கிற புத்தி எந்தக் கடையில் விற்கிறதோ தெரியாது, தம்பி மொத்தமாக வாங்கி வைத்திருந்தான்.

காது கேட்காது என்பதும் முழு உண்மை இல்லை. காதுக்குள் இருக்கிற குட்டி எலும்பு ஒன்று ஆடாமல் இறுகிப் போயிருந்தது, அவ்வளவுதான். "நரம்பு நல்லாத்தான் இருக்கு, சத்தம் போற வழிதான் அடைச்சிருக்கு" என்று காது டாக்டர் சொன்னபோது, "துருப்பிடிச்ச ராக்கர் மாதிரின்னு சொல்லுங்க" என்றாள் அக்கா. இன்ஜினுக்குள் ஆடி ஆடி வால்வை அமுக்குகிற ராக்கரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. காதில் மாட்டுகிற கருவி எழுதிக் கொடுத்தார். அதை வீட்டில் மாட்டிக்கொள்வாள். பட்டறையில் மாட்டினால் கம்ப்ரஸர் ஓடத் தொடங்கியதும் மண்டை பிளந்துவிடும், அதனால் டப்பாவுக்குள் போய்விடும். ஒரு வேடிக்கை என்னவென்றால், இன்ஜின் ஓடுகிற இடத்தில்தான் அவளுக்கு எல்லோர் பேச்சும் நன்றாகக் கேட்டது. அங்கே யாரும் மெதுவாகப் பேச முடியாதே. அமைதியான அறையில் மனுஷர்கள் முணுமுணுப்பார்கள், ஒரு எழுத்துக்கூட உள்ளே ஏறாது. அப்படிப்பட்டவளைத்தான் கண்ணாடி அறைக்குள் கொண்டுபோய் வைத்தார்கள்.

பட்டறை அப்பா விட்டுப்போனது. அக்காவும் தம்பியும் வேலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பிரேக், வயரிங், சக்கரம், வாடிக்கையாளரிடம் இனிக்க இனிக்கப் பேசுவது எல்லாம் தம்பி. இன்ஜின் என்றால் அக்கா. அவள் பிரித்துப் போட்ட இன்ஜினில் வேறு யாரும் கை வைப்பதில்லை. தம்பிக்கு அக்கா என்றால் உயிர். அந்த உயிர்தான் இத்தனை வம்புக்கும் காரணம்.

மேஜை வருவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் பல் டாக்டரின் கார் வந்திருந்தது. வெளிர்பச்சை நிறம், குண்டு முகப்பு விளக்கு, கதவைச் சாத்தினால் பீரோ மூடுகிற கனம். அவர் பிறப்பதற்கு முன்னால் செய்த வண்டி. அதைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் கண் கலங்கும், நோயாளி அலறினால்கூடக் கலங்காது. "டிக் டிக்குனு ஒரு சத்தம். தையல் மெஷின் ஓடுற மாதிரி. ராத்திரி தூங்கப் போனாலும் அதே ஞாபகம்" என்றார்.

டேப்பட் சத்தம். வால்வுக்கும் அதை மேலிருந்து அமுக்குகிற ராக்கருக்கும் நடுவே ஒரு மயிரிழை இடைவெளி விட வேண்டும். கூடுதலாக விட்டால் ராக்கர் தட்டித் தட்டி டிக் டிக் என்று கத்தும். காதுக்குத் தொல்லை, அவ்வளவுதான். இடைவெளியே விடாமல் இறுக்கினால் சத்தம் சுத்தமாக நின்றுவிடும், கேட்கிறவனுக்குச் சொர்க்கமாக இருக்கும். ஆனால் சூட்டில் இரும்பு நீளும், வால்வு முழுசாக மூடாது, நெருப்பு இடுக்கு வழியாக ஒழுகி ஒழுகி வால்வின் விளிம்பையே தின்றுவிடும். சத்தம் போடுகிற வால்வு பிழைத்துக்கொள்ளும். வாயே திறக்காத வால்வைத்தான் கவனிக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் அக்கா மேல்மூடியைக் கழற்றி, ஒவ்வொரு வால்விலும் இடைவெளி அளக்கிற கேஜ் தகட்டைச் செருகி, இழுத்துப் பார்த்து, வெண்ணெயில் கத்தி போகிற பதத்தில் வைத்து நட்டைப் பூட்டினாள். பூட்டியதும் தன் வழக்கப்படி நட்டிலிருந்து நடுத் திருகு வரைக்கும் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுத்தாள். நகத்துக்கு ஒரு நாளும் வைத்ததில்லை. நட்டு தானாகத் தளர்ந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும், அதற்காக. தம்பிக்கு இது தெரியாது. முடிந்த வேலைக்கு அக்கா பொட்டு வைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

அப்புறம் அவன் பிரேக் சாமான் வாங்க வெளியே போகும் வரை காத்திருந்தாள். ஏன் காத்திருந்தாள் என்றால், அவளிடம் ஒரு ரகசியம் இருந்தது. எல்லா மெக்கானிக்கும் நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை இன்ஜினில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பார்கள். அவளுக்கு அது மந்தமாகிவிட்டது. ஒரு நாள் இரண்டு கையும் வேலையாக இருக்க, ஸ்க்ரூடிரைவரைப் பல்லில் கவ்விக்கொண்டு குனிந்தாள். நுனி மூடியில் பட்டதும் இன்ஜின் முழுக்க அவள் மண்டைக்குள் வந்து இறங்கியது. பழைய காதுக்குக்கூட அவ்வளவு தெளிவாகக் கேட்டதில்லை. அன்று ஷெட்டுக்குப் பின்னால் போய் நின்று கொஞ்ச நேரம் அழுதாள். சந்தோஷத்தில்தான். ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. வாயில் ஸ்க்ரூடிரைவரோடு இன்ஜின் மேல் கவிழ்ந்து கிடக்கிறவளைப் பார்த்தால் வாடிக்கையாளர் என்ன நினைப்பார்? வெட்கம்.

பல் டாக்டரின் வண்டியை அப்படிக் கடித்துக் கேட்டபோது, மூன்றாவது சிலிண்டரின் புகை வால்வு இன்னமும் டிக் டிக் என்றது. தகடு சரியாகத்தான் போனது, ஆனாலும் சத்தம். இடைவெளி சரி, சத்தம் மட்டும் இருக்கிறது என்றால் ராக்கரில்தான் ஏதோ கோளாறு. காலையில் பிரித்துப் பார்க்கலாம் என்று கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். தம்பியிடம் சொல்லவில்லை. சொன்னால், உனக்கு எப்படிக் கேட்டது என்பானே.

காலையில் வந்தால் வண்டியைக் காணோம்.

"டாக்டர் விடிஞ்சதும் வந்து எடுத்துட்டுப் போயிட்டாருக்கா" என்றான் தம்பி.

"சத்தம் இருந்துச்சேடா?"

"சத்தமா? சுத்தமா இல்லையே! பூனை மாதிரி ஓடுச்சு. சூப்பரா செட் பண்ணியிருக்கே."

அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே சொன்னான். அக்கா அதைக் கவனிக்கவில்லை. அவளுக்கு வேறு கவலை வந்துவிட்டது. அப்படியென்றால் தான் கேட்டது என்ன? இல்லாத சத்தத்தையா கேட்டோம்? காதுதான் போயிற்று, பல்லும் போயிற்றா? அந்த நினைப்பு அவளை உள்ளுக்குள் அரித்தது. அந்த வாரமே மேஜை வந்தது. வேறு சமயமாக இருந்திருந்தால் மேஜையைத் தூக்கித் தெருவில் போட்டிருப்பாள். இப்போது ஒன்றும் பேசாமல் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். தம்பி மூச்சு விட்டான்.

ராணி பதவி சில வாரம் ஓடியது. ஃபோன் அடிக்கும், எடுப்பாள், எதிர்முனை முணுமுணுக்கும், "ஆங்?" என்பாள், வைத்துவிடுவார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்ஜின்கள் வந்து போயின. தம்பி அவற்றை முதுகு வளைத்துப் பார்த்து, தலையைச் சொறிந்தான். ஆணியில் தொங்கிய சாவிகளைச் சைஸ்வாரியாக அடுக்கி அடுக்கி அக்காவுக்குப் பைத்தியம் பிடிக்கிற மாதிரி இருந்தது.

ஒரு காலையில் வெளிர்பச்சைக் கார் திரும்பி வந்தது. ஓடி வரவில்லை, நொண்டிக்கொண்டு வந்தது. நின்ற இடத்திலேயே குலுங்கியது, சைலன்சர் பட் பட்டென்று துப்பியது. பல் டாக்டர் இறங்கி, இன்ஜினை அணைக்காமலே கத்தத் தொடங்கினார். பக்கத்துக் கடை டயர்க்காரர் ஒரு டயரை உருட்டியபடியே வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்.

"மேட்டுல ஏறவே மாட்டேங்குது! சைக்கிள்காரன் என்னைத் தாண்டிப் போறான்! இதுக்கா உங்ககிட்ட விட்டேன்?" பிறகு தம்பியின் பக்கம் சாய்ந்து, அந்தரங்கமாகத்தான் சொல்ல நினைத்தார், ஆனால் இன்ஜின் போட்ட சத்தத்துக்கு அந்தரங்கத்தையும் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. "தப்பா எடுத்துக்காதீங்க. காது கேக்காதவங்களை இன்ஜின்ல கை வைக்க விடலாமா? எனக்குக் கண்ணு தெரியலைன்னா நான் ஒருத்தர் பல்லைப் பிடுங்குவேனா? வண்டியை வேற இடத்துக்கு இழுத்துட்டுப் போறேன்."

கண்ணாடிக் கதவு திறந்திருந்தது. அக்காவுக்கு ஒரு எழுத்து விடாமல் கேட்டது. தம்பி என்ன பதில் சொல்லப் போகிறான் என்று எழுந்து நின்றாள்.

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். "மன்னிச்சிடுங்க டாக்டர். இப்ப அக்கா இன்ஜின் பக்கம் வர்றதில்லை. முன்னறையிலதான் உக்கார்றாங்க."

அவ்வளவுதான். அக்காவுக்கு உச்சந்தலை வரைக்கும் சூடேறியது. நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் முட்டிச் சுற்றியது.

"வண்டி எங்கேயும் போகாது" என்றாள் வெளியே வந்து.

"அக்கா, நீ உள்ள போ. நான் பேசிக்கிறேன்."

"நீ பேசினது கேட்டுச்சு. டாக்டர், நான் செட் பண்ண வண்டி இது. தப்பு என்னுதுன்னா என் வாயால நானே சொல்லிட்டு, இனிமே ஸ்பேனரைத் தொடமாட்டேன். என்னுது இல்லேன்னா அதையும் நீங்க நின்னு பாக்கணும். பாத்துட்டு எங்க வேணும்னாலும் இழுத்துட்டுப் போங்க."

பல் டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவள் முன்மூடியைத் தூக்கிக் கம்பியை முட்டுக் கொடுத்துவிட்டாள். தலைமுடியை முடிந்துகொண்டாள். அடுக்கிலிருந்து மரக் கைப்பிடி போட்ட நீள ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். அத்தனை பேர் பார்க்க, வெட்கத்தைத் தண்ணீர் தெளித்து விட்டுவிட்டு, கைப்பிடியை நறுக்கென்று பல்லில் கவ்வி இன்ஜின் மேல் குனிந்தாள்.

"ஐயோ! பல்லு!" என்று அலறினார் பல் டாக்டர். இத்தனை கோபத்திலும் தொழில் விடுமா? "அப்படிக் கடிக்காதீங்கம்மா, எனாமல் போயிடும்!"

டயர்க்காரர் சிரித்தார். அக்கா திரும்பவில்லை. நுனியை முதல் சிலிண்டர் மேல் வைத்தாள். உள்ளே வால்வுகள் லேசாக, ஒழுங்காகப் பேசிக்கொண்டிருந்தன. இரண்டாவது, அதே மாதிரி. நாலாவதும் சரி. மூன்றாவதில் வைத்தாள். காற்றை உள்ளே விடுகிற வால்வு பேசியது. புகை வால்வு வாயே திறக்கவில்லை. அன்றைக்குத் தொண்டை கிழியக் கத்திய அதே வால்வு.

ஸ்க்ரூடிரைவரை வாயிலிருந்து எடுத்தாள். பல் நன்றாகத்தான் இருக்கிறது, கேட்டதும் நிஜம்தான் என்று தெரிந்துவிட்டது. சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

"மூணாவதுல புகை வால்வு செத்துக்கிட்டிருக்கு. இறுக்கிட்டாங்க."

"பல்லால கேட்டா சொல்றீங்க?" என்றார் பல் டாக்டர்.

"நம்பலையா? கடிச்சுப் பாருங்க." கைப்பிடியைச் சேலைத் தலைப்பில் துடைத்து நீட்டினாள்.

பல் டாக்டர் அவளைப் பார்த்தார், ஸ்க்ரூடிரைவரைப் பார்த்தார். பையிலிருந்து பஞ்சும் ஸ்பிரிட்டும் எடுத்து அதை இன்னொரு தடவை துடைத்தார். தயங்கித் தயங்கிக் கடித்தார். அவள் நுனியைப் பிடித்து முதலாவதில் வைத்ததும் அவர் புருவம் இரண்டும் ஏறிவிட்டன. மூன்றாவதுக்கு நகர்த்தினாள்.

"மண்டைக்குள்ளயே ஓடுதே! இங்க... இங்க ஒண்ணு காணோம்" என்று கைப்பிடியைக் கடித்தபடியே குழறினார். எடுத்த பிறகு கொஞ்சம் நிதானமாக, "எலும்பு வழியாப் போகுது. காதே தேவையில்லை. இது எனக்குத் தோணியிருக்கணும்" என்றார். நியாயமான மனுஷர்தான். கோபம் வந்தால் மட்டும் நாக்கு நீளும்.

இன்ஜினை அணைத்து ஆறவிட்டார்கள்; பின்னால் கம்ப்ரஸர் மட்டும் இரைந்துகொண்டிருந்தது, எல்லோரும் உரக்கத்தான் பேச வேண்டியிருந்தது. அக்கா பிளக்குகளைக் கழற்றி, அந்த ஓட்டையில் அழுத்தமானியை வைத்து, தம்பியை இன்ஜினைச் சுற்றவிடச் சொன்னாள். மற்றச் சிலிண்டர்களில் முள் துள்ளி மேலே போனது. மூன்றாவதில் சோம்பேறி மாதிரி எழுந்து பாதியிலேயே படுத்துக்கொண்டது. பிறகு மேல்மூடியைக் கழற்றினாள். இருப்பதிலேயே மெல்லிய தகட்டை அந்தப் புகை வால்வில் செருகிப் பார்த்தாள். நுழையவில்லை.

அப்போதுதான் நெயில் பாலிஷைப் பார்த்தாள்.

வரிசையாக எல்லா நட்டிலும் சிவப்புக் கோடு நேராக இருந்தது, அவள் இழுத்த மாதிரியே. இந்த ஒன்றில் மட்டும் உடைந்திருந்தது. நட்டில் இருந்த பாதி ஒரு பக்கம், திருகில் இருந்த பாதி இன்னொரு பக்கம். தளர்ந்திருந்தால் நட்டு லூசாக இருக்கும். இது கல் மாதிரி இறுகியிருந்தது. யாரோ ஸ்பேனர் போட்டுத் திருப்பிப் பூட்டியிருக்கிறார்கள். இந்தப் பட்டறையில் யாரோ என்றால் வேறு யார்?

நிமிர்ந்து தம்பியைப் பார்த்தாள். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"என்னாச்சு?" என்றார் பல் டாக்டர்.

அக்காவுக்கு ஒரு நொடி மனசு இளகியது. நட்டு தானாகத் திரும்பியிருக்கும் என்று பூசி மெழுகிவிடலாம். சின்ன வயசிலிருந்து அவன் உடைத்த கண்ணாடிக்கெல்லாம் அவள்தான் அடி வாங்கியிருக்கிறாள். ஆனால் முன்னறை மேஜை ஞாபகம் வந்தது. குனிந்த தலை ஞாபகம் வந்தது.

"நீயே சொல்லு" என்றாள்.

தம்பி கையைத் துணியில் துடைத்தான். "அன்னிக்கு நீ போனப்புறம் ஸ்டார்ட் பண்ணிப் பாத்தேன். டிக் டிக்குனு கேட்டுச்சு. உனக்குக் கேக்கல, அதான் விட்டுட்டேன்னு நெனச்சேன். டாக்டர் வந்து சத்தம் போட்டா உனக்கு அவமானமாயிடுமே... சத்தம் நிக்கிற வரைக்கும் இறுக்கிட்டேன்."

"மறுநாள் காலையில கேட்டேனே. சத்தமே இல்லைன்னியே."

"எப்படிக்கா சொல்றது? உன் மனசு கஷ்டப்படுமேன்னு."

"யாருக்குடா காது குத்துறே?" என்றாள். "என் பல்லு மேலயே சந்தேகம் வந்து, பைத்தியக்காரி மாதிரி அந்த நாற்காலியில சுத்திக்கிட்டிருந்தேனே. அது கஷ்டம் இல்லையா?"

கழற்றி வைத்திருந்த பிளக்குகளை அவன் வரிசையாக அடுக்கத் தொடங்கினான்.

"இது ஒண்ணுதானா, இல்ல வேறயும் இருக்கா?"

"ரொம்ப நாளாவே... நீ முடிக்கிற வண்டி எல்லாத்தையும் நீ போனப்புறம் ஒரு தடவை கேட்டுப் பாத்துட்டுதான் குடுப்பேன்."

"எதுலயெல்லாம் தப்பு இருந்துச்சு?"

"ஒண்ணுலயும் இல்லைக்கா."

டயர்க்காரர் மெல்ல டயரை உருட்டிக்கொண்டு தன் கடைக்குப் போய்விட்டார். அதற்கு மேல் நின்றால் நன்றாக இருக்காது என்று அவருக்கே தெரிந்தது.

அக்கா அந்த ராக்கரைக் கழற்றித் திருப்பிப் பிடித்தாள். வால்வைத் தட்டுகிற முகத்தில் கட்டை விரல் நகம் பதிகிற அளவுக்கு ஒரு குழி. "இங்க பாருங்க டாக்டர். தகடு நேரா இருக்கும், குழிக்குள்ள இறங்காது. ரெண்டு கரையில பாலம் மாதிரி உக்காந்து இடைவெளி சரியா இருக்குன்னு காட்டும். ஆனா வால்வு அந்தக் குழிக்குள்ளதான் போய்த் தட்டும், அங்க இடைவெளி அதிகம். அதான் சத்தம். நட்டை எவ்வளவு இறுக்கினாலும் குழி போகாது. காலையில பிரிக்கணும்னு அன்னிக்கே முடிவு பண்ணியிருந்தேன். பல்லால கேட்டேன்னு சொல்ல வெக்கப்பட்டு வாயை மூடிக்கிட்டேன். அந்த வெக்கம் இன்னியோட போச்சு. வால்வு கருகினது எங்க பட்டறை தப்பு. நாங்களே சரி பண்ணித் தர்றோம். செய்யப் போறது நான்தான். இஷ்டமா இல்லையா, சொல்லுங்க."

பல் டாக்டர் சாவியை எடுத்தார். ஆணியில் மாட்டச் சொல்லித் தம்பியிடம் கொடுக்கவில்லை. எண்ணெய்க் கையென்றும் பாராமல் அவள் கையிலேயே வைத்தார். "அப்ப நான் பேசினது..." என்று ஆரம்பித்தார்.

"கேட்டுச்சு. எல்லாமே கேட்டுச்சு" என்றாள் அக்கா.

வால்வுகள் உட்கார்ந்திருக்கும் மேல்பாகமான இன்ஜின் ஹெட்டைக் கழற்றித் தூக்கினார்கள், அக்கா ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். இரும்பு கனம். மூன்றாவது புகை வால்வின் விளிம்பு எலி கடித்த மாதிரி இருந்தது. கீழே இறக்கி வைக்க இடம் தேடினான் தம்பி. வேலைப் பலகை நிறைய அவன் பிரித்துப் போட்டுச் சேர்க்கத் தெரியாமல் விட்ட சாமான்கள்.

"இப்படி வா" என்று அக்கா பின்பக்கமாக நடந்தாள். கண்ணாடிக் கதவை முதுகால் தள்ளித் திறந்தாள். முழங்கையால் ஒரு தள்ளு, பூச்சாடி இழுப்பறையில் முட்டித் தரையில் உருண்டது. ஃபோன் சுவரோரம் போய்த் தொங்கியது.

"அக்கா, அக்கா! புது மேஜை! எண்ணெய் ஒழுகுது!"

அவள் ஹெட்டை வெள்ளை மைக்காவின் நட்டநடுவில் தொப்பென்று இறக்கினாள். கருப்பு எண்ணெய் நாலா பக்கமும் நிதானமாகப் பரவி, பேனா வைக்கிற குழியை நிரப்பியது.

"எனக்குத்தானேடா வாங்கினே?" என்றாள். "அந்தப் பக்கம் பிடி, மேஜையை ஷெட்டுக்குத் தூக்கணும்."